தோல் தைத்த கையும் மூளையை வரைந்த கையும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சாலையோரத்தில், பழைய குடையின் கீழ் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறார் எங்கள் காலனிப் பெரியவர் ஒருவர். குத்தூசி, மெழுகு தடவிய நூல், உளி, பழைய டயர் துண்டு, ஒரு டப்பா சொலுஷன். இவைதான் அவருடைய கடை. மழை வந்தால் கடை இல்லை. அவருடைய மகள் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் படித்தவள். அரசுக் கல்லூரியில் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்தாள். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நான் நியூரோ சயின்ஸ்ல பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேன்" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. "முதல்ல பி.எட். போடு சாமி. டெட் எழுது. கையில ஒரு வேலை இருக்கட்டும். மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நம் பிள்ளைகள் சொல்லும் இந்தச் 'சரிக்கா'வுக்குப் பின்னால் எத்தனை ஆசைகள் புதைந்திருக்கின்றன என்பது நமக்குத்தான் தெரியும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தமிழில் எம்.ஏ. முடித்த கையோடு ஆய்வு செய்ய விரும்பி நான் ஒரு பேராசிரியரைப் பார்க்கப் போனேன். இருபது வருடங்களுக்கு முந்தைய கதை அது. "உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா ஆராய்ச்சி? பி.எட். போட்டா ஒரு வாத்தியார் வேலை கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த வாசலில் நின்ற அவமானத்தை இன்றும் மறக்கவில்லை. அதே சொற்களை நான் அன்பு தடவிச் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னால் சாதி, நான் சொன்னால் அக்கறையா?

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்கே போனேன். "எதுக்குடி அந்தப் படிப்பு? எங்கிட்ட ஒழுங்கா சொல்லு" என்று கேட்டேன். அவள் அப்பாவின் காலைக் காட்டினாள்.

மரத்துப்போன பாதம்

அந்தப் பெரியவருக்குச் சில வருடங்களாகப் பாதம் மரத்துப்போகிறது. முள் குத்தினால் தெரிவதில்லை. பிறகு விரல் நுனிகளும் மரக்கத் தொடங்கின. ஊசி பிடிக்கச் சிரமப்படுகிறார். அரசு மருத்துவமனையில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். "வயசாச்சுல்ல" என்றார்கள்.

மகள் கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்திருக்கிறாள். செருப்பு ஒட்டும் பசைகளில் பசையை இளக்குவதற்காகக் கரைப்பான்களைச் சேர்ப்பார்கள். அவற்றில் ஒன்று ஹெக்சேன். 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே உட்கார்ந்து செருப்புச் செய்த தொழிலாளர்களுக்குக் கைகால் மரத்து, நடை தளர்ந்தது. மருத்துவர்கள் தேடியபோது பசையிலிருந்த ஹெக்சேன் ஆவிதான் காரணம் என்று தெரிந்தது. பிறகு இத்தாலியின் காலணித் தொழிலாளர்களிடமும் இதே நோய் கண்டறியப்பட்டது.

நடப்பது இதுதான். மூச்சில் உள்ளே போகும் ஹெக்சேனை உடல் வேறொரு நச்சாக மாற்றுகிறது. அந்த நச்சு, நரம்புச் செல்லிலிருந்து கம்பி போல நீளும் இழையைத் தாக்குகிறது. உடம்பிலேயே நீளமான நரம்பு இழைகள் முதுகுத் தண்டிலிருந்து பாதத்துக்குப் போகிறவை. நீளமான இழையின் நுனிதான் முதலில் கெடும். அதனால் பாதம் முதலில் மரக்கிறது, கை பிறகு மரக்கிறது.

"அப்பாவுக்கு அதுதான்னு நான் சொல்லலைக்கா. சுகரா இருக்கலாம், சத்துக் குறைவா இருக்கலாம், பசையா இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா ரோட்டோரம் உக்காந்து தைக்கிற ஒருத்தரோட நரம்பை யாராவது சோதிச்சுப் பார்த்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன ஊர் இது. தோல் ஷாப்புக் கழிவால் கெட்ட நிலத்தடி நீரைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். தொழிலாளியின் நரம்பைப் பற்றி ஒரு வரிகூடப் பேசியதில்லை. மலக்குழியில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களின் பட்டியலை வைத்துப் போராடியிருக்கிறோம். அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையே முடக்குகிறது என்பதையும், உயிர் தப்பியவர்களுக்கும் ஞாபகமும் நிதானமும் கெடலாம் என்பதையும் அவள் சொல்லித்தான் கேட்டேன். தப்பித்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

மூளை நரம்பியல் என்றால் பணக்காரர்களின் படிப்பு என்று நினைத்திருந்தேன். அது எங்கள் தெருவின் படிப்பு என்று அன்றுதான் புரிந்தது.

செருப்புக் கடையில் ஒரு ஸ்பெயின் பையன்

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் என்று உலகம் கொண்டாடுகிறவர் சாந்தியாகோ ரமோன் இ காஹால். 1852இல் ஸ்பெயினில் பிறந்தவர். சிறுவயதில் பள்ளியில் அடங்காத பிள்ளை. படம் வரைவதில் பைத்தியம். மருத்துவரான அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பையன் திருந்தட்டும் என்று முதலில் ஒரு நாவிதரிடமும் பிறகு ஒரு செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டார். பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய கை, ஒரு காலத்தில் தோல் தைத்த கை.

பிறகு அப்பாவே அவரைத் திரும்பப் படிக்க வைத்தார். இத்தாலியின் கமில்லோ கோல்ஜி 1873இல் நரம்புத் திசுவை வெள்ளி உப்பால் கறுப்பாக்கிப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். காஹால் அதை மேம்படுத்தி, நுண்ணோக்கியில் பார்த்ததை மையால் வரைந்தார். மூளை முழுக்க ஒரே வலையாகப் பின்னிக் கிடக்கிறது என்று கோல்ஜி நம்பினார். மூளை தனித்தனிச் செல்களால் ஆனது, அவை ஒன்றையொன்று அணுகிச் செய்தி கடத்துகின்றன என்றார் காஹால். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். கருத்தில் வென்றது காஹால்.

இந்தக் கதையை 'முயன்றால் முடியும்' என்று மேடையில் சொல்ல நான் எழுதவில்லை. செருப்புத் தைப்பது காஹாலுக்குச் சில காலத் தண்டனை. தண்டனை முடிந்ததும் வீட்டுக்குப் போனார். அங்கே மருத்துவரான அப்பா இருந்தார், உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். அந்தத் தொழிலை யாரும் அவருடைய பிறப்பில் எழுதவில்லை. அவர் தொட்ட குவளையை யாரும் கழுவவில்லை. இங்கே அதே வேலை ஒரு சமூகத்தின் நெற்றியில் ஒட்டப்பட்டது. எங்கள் தங்கச்சிக்கும் காஹாலுக்கும் உள்ள தூரம் அறிவின் தூரம் இல்லை. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் உள்ள தூரம்.

மண்டையை அளந்தவர்கள்

மூளையைப் பற்றிய அறிவியலில் நமக்குப் பழைய கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன் மண்டை ஓடுகளைச் சேகரித்து, அவற்றின் கொள்ளளவை அளந்து மனித இனங்களை வரிசைப்படுத்தினார். வெள்ளையர் மேலே, கறுப்பர் கீழே. இந்தியாவில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலோடு தென்னிந்தியச் சாதிகளை அளந்தார். 1909இல் அது ஏழு தொகுதிகளாக வந்தது.

அதே அளவுகளை எடுத்து வைத்து அவர்களுக்கே பதில் சொன்னவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1948இல் வெளியான 'தீண்டப்படாதார்' நூலில், பிராமணருக்கும் தீண்டப்படாதாருக்கும் எடுத்த மூக்களவுகளை ஒப்பிட்டு, தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமாக இருக்க முடியாது என்று நிறுவினார். அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிவியலின் கேள்வியே மாறிவிடுகிறது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன என்கிறது இன்றைய கணக்கு. காலனிப் பிள்ளைக்கும் அக்ரகாரப் பிள்ளைக்கும் இதுதான் கணக்கு. இத்தனை காலம் அளக்கப்படுகிறவர்களாக இருந்தோம். அளக்கிற இடத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பெயரோடு சாதியையும் படித்தபோது

இந்தத் துறை நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு சான்று. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள். 321 பேர் உயர்த்தப்பட்ட சாதிகள். 321 பேர் தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சமூகம். தாளில் அச்சிட்ட புதிர்வழிகளைத் தீர்க்க வேண்டும். தீர்த்த எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம்.

சாதியைச் சொல்லாமல் நடத்தியபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தீர்த்தார்கள். பிறகு இன்னொரு குழுவில் ஒவ்வொரு மாணவனின் ஊர், அப்பா பெயர், தாத்தா பெயரோடு சாதியையும் எல்லோர் முன்பும் படித்தார்கள். தலித் மாணவர்கள் தீர்த்த எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. அதே வயதுப் பிள்ளைகள், அதே புதிர்கள். சாதியை வாய்விட்டுச் சொன்னது மட்டும்தான் புதிது.

அந்த நொடியில் ஒரு பிள்ளைக்குள் என்ன நடக்கிறது? இங்கேதான் நரம்பியல் வருகிறது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் போய்ப் பற்றிக்கொள்கிறது என்பதை 1968இல் புரூஸ் மெக்யூவனும் அவருடைய குழுவினரும் எலிகளிடம் கண்டறிந்தார்கள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழு 2002இல் இன்னொன்றைக் காட்டியது. தொடர்ந்து அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்லின் கிளைகள் சுருங்கின. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் அதே கிளைகள் நீண்டு வளர்ந்தன. நினைவின் கிளை சுருங்க, பயத்தின் கிளை வளர்கிறது.

எலியில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றக் கூடாது. 'உங்கள் மூளை கெட்டுப்போயிற்று' என்று நம்மைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் இதில் இடமில்லை. மூளை வாழ்நாள் முழுவதும் மாறக்கூடியது என்பதும் இதே துறை சொல்லும் உண்மைதான். ஆனால் தனித்தட்டு, தனிக்குவளை, வகுப்பறையில் சாதிப் பெயர் சொல்லி அழைப்பது ஆகியவை ஒரு குழந்தையின் உடம்புக்குள் என்ன செய்கின்றன என்று கேட்க, அந்த வகுப்பறையில் உட்கார்ந்த ஒருத்தி ஆய்வகத்தில் இருக்க வேண்டும். கேள்வி அனுபவத்திலிருந்துதான் பிறக்கும்.

எப்படிப் போவது?

நம் வீடுகளில் இதைச் சொல்ல ஆளில்லை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நானும் அவளோடு சேர்ந்து கற்றுக்கொண்டதுதான்.

முதலில், இந்த ஆய்வுக்கு டாக்டர் படிப்புப் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம், உளவியல், இயற்பியல், பொறியியல் படித்தவர்களும் போகலாம். பெங்களூருவில் நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் நிறுவனத்தின் நரம்பியல் மையம், தேசிய உயிரியல் அறிவியல் மையம். அரியானா மாநிலம் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுகளாகப் படமெடுத்து 2024 டிசம்பரில் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டது இந்த மையம்.

இரண்டாவது, நுழைவு. பெரும்பாலான இடங்களுக்குச் சி.எஸ்.ஐ.ஆர். நெட் அல்லது கேட் போன்ற தேர்வு வேண்டும். சில நிறுவனங்கள் தாமே தேர்வு வைக்கின்றன. அதன் பிறகு நேர்காணல். உயிர் அறிவியலுக்கான நெட் பாடத்திட்டத்தில் 13 அலகுகள். நரம்பு மண்டலம் அவற்றில் ஒன்றின் ஒரு பகுதிதான். ஆகவே உயிரியல் முழுவதையும் படித்தாக வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். இந்திக்காரப் பிள்ளைக்குத் தாய்மொழி கிடைக்கிறது, தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. மொழி உரிமை பேசும் கட்சிகள் இதையும் பேச வேண்டும்.

மூன்றாவது, பணம். இதைத்தான் நம் வீடுகளுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆய்வுப் படிப்பு என்றால் கட்டணம் கட்டிப் படிப்பது என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். பட்டியல் சாதி மாணவர்களுக்குத் தனியாகத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு.

வெளிநாடு என்றால் கோடீஸ்வரர்களுக்குத்தான் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நரம்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்கிறவர்களுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வாழ்க்கைச் செலவுக்கும் தொகை கொடுப்பார்கள். முதுநிலைப் படிப்புக்குத்தான் கையிலிருந்து பணம் போகும். விண்ணப்பக் கட்டணத்துக்கும் பல இடங்களில் விலக்குக் கேட்கலாம். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் பட்டியல் சாதிக்கு 115. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 1913இல் பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகையில்தான் பாபாசாகேப் கொலம்பியாவுக்குப் படிக்கப் போனார். ஓர் உதவித்தொகை என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பட்டியலில் ஒளிந்திருக்கும் கதவு

இனி நம் தலைவர்களும் எம்.பி.க்களும் படிக்க வேண்டிய பகுதி. ஒன்றியக் கல்வி நிறுவனங்களில் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு தரும் சட்டம் 2006இல் வந்தது. பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27. ஆனால் அதே சட்டத்தின் நான்காம் பிரிவு சில 'சிறப்பு' நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. சட்டத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் அதில் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் அதன் அங்கம்தான். ஆசிரியர் பணியிடங்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இதேபோல ஒரு விலக்குப் பட்டியலோடு வந்தது.

நிறுவனம் தானாக முன்வந்து வயதிலோ மதிப்பெண்ணிலோ தளர்வு கொடுக்கலாம். 'இத்தனை இடம் என் உரிமை' என்று இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. மூளையை ஆராயவென்றே மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மையம், மக்களில் ஒரு பகுதிக்குக் கதவு திறந்தாக வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருக்கிறது. 'திறமைக்கான இடம்' என்று இதற்கு நியாயம் சொல்வார்கள். மண்டையை அளந்தவர்களும் திறமையைத்தான் அளந்ததாகச் சொன்னார்கள்.

அருந்ததியர் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். 2009இல் தமிழ்நாடு கொண்டுவந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. மகிழ்ந்தோம். ஆனால் அது மாநிலத்துக்குள்தான். நிம்ஹான்ஸுக்கோ ஐ.ஐ.டி.க்கோ போகும்போது அந்த 3 சதவீதம் கூட வராது.

சேர்ந்த பிறகு

சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது என்பதை நாம் உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டோம். 2008இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த சேலம் மாவட்டத்துச் செந்தில்குமாரை இழந்தோம். பன்றி வளர்க்கும் சமூகத்திலிருந்து அறிவியல் ஆய்வு வரை போனவர். நெறியாளர் ஒதுக்கப்படாமலேயே அவருடைய காலம் கழிந்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். அவருக்கு வர வேண்டிய உதவித்தொகை ஏழு மாதங்களாக நிலுவையில் இருந்தது. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எதிர்கொள்ளும் பாகுபாட்டைத் தோரட் குழு 2007இலேயே ஆவணப்படுத்தியது.

நெறியாளர், பணம் ஆகிய இரண்டு கயிறுகளில்தான் ஓர் ஆய்வு மாணவரின் வாழ்க்கை தொங்குகிறது. ஆகவே உள்ளே போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சேரும் முன்பே அந்த ஆய்வகத்தில் படித்தவர்களிடம் பேசுங்கள். நெறியாளர் யார், எப்போது ஒதுக்குவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி. பிரிவு அலுவலகம் எங்கே இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். மனம் உடையும்போது வீட்டுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். திரும்பி வந்தாலும் தோல்வி இல்லை. நீங்கள் எங்களுக்கு வேண்டும்.

ஊரில் இருக்கும் நமக்கும் வேலை இருக்கிறது. சேர்ந்தவுடன் உதவித்தொகை வந்துவிடாது. முதல் தவணைக்குச் சில மாதங்கள் ஆகும். விடுதி முன்பணம், உணவுக் கட்டணம், கணினி, ரயில் செலவு எல்லாம் அந்த மாதங்களில்தான் வரும். நம் பிள்ளைகள் பாதியில் திரும்புவதும் அந்த மாதங்களில்தான். எங்கள் படிப்பகத்தில் இதற்கென்று ஒரு சுழல்நிதி தொடங்கியிருக்கிறோம். வாங்குகிறவர் உதவித்தொகை வந்ததும் திருப்பிப் போட வேண்டும், அடுத்த பிள்ளைக்கு அது போகும். இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போய் ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறீர்கள். ஒரு மாத ஓய்வூதியத்தின் ஒரு பகுதி போதும்.

நேர்காணல்

அவள் பி.எட். சேரவில்லை. தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே படித்து, இரண்டாம் முறை எழுதியதில் ஜே.ஆர்.எஃப். பெற்றுவிட்டாள். போன வருடம் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். பாடக் கேள்விகளுக்கு நடுவில் ஒருவர் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டிருக்கிறார். "லெதர் பிசினஸ்" என்று சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு கேட்ட எளிய கேள்விக்குக்கூட வாய் வரவில்லையாம். இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள்.

அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் நேர்காணல். போன வாரம் படிப்பகத்துக்கு வந்தாள். "இந்தத் தடவை கேட்டா, செருப்புத் தைக்கிறார்னு சொல்லப் போறேன்க்கா. அப்படியே ஹெக்சேன் பத்தி ஆரம்பிச்சிருவேன். எதுக்கு இந்தப் படிப்புக்கு வந்தேன்னு கேட்பாங்கள்ல, அதுக்கும் அதுதானே பதில்?" என்றாள்.

உத்தரப் பிரதேசப் பிள்ளைகளின் நினைவு வந்தது. சாதியைச் சொன்னதும் கை நின்றுபோன பிள்ளைகள். அங்கே வேறு யாரோ அவர்களுடைய சாதியைப் படித்தார்கள். இங்கே இவளே சொல்லப் போகிறாள். அது அவளைக் காக்குமா, இல்லை எதிரே இருப்பவர் மனதில் ஒரு கதவைச் சாத்திவிடுமா? எனக்குத் தெரியவில்லை. 'சொல்லாதே' என்று சொல்ல வாய் வந்தது. இந்த முறை எதுவும் சொல்லவில்லை. பெங்களூரு போக ரயில் டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அப்பா இப்போது காற்றோட்டமான பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சொலுஷன் தடவுகிறார். டப்பாவை உடனே மூடிவிடுகிறார். மகள் கண்டிப்பு. நேற்று அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டார்.

"ஏந்தாயி, ரோட்ல போறவங்க பொண்ணு என்னா படிக்குதுன்னு கேக்குறாக. என்னான்னு சொல்ல?"

"மூளை நரம்பைப் பத்தின படிப்புன்னு சொல்லுங்கண்ணே."

கொஞ்ச நேரம் யோசித்தார். மரத்த விரலால் நூலை இழுத்துக்கொண்டே சொன்னார்: "அப்பச் சரி. எங்காலு ஏன் இப்பிடி ஆச்சுன்னு அதுவே சொல்லட்டும்."